உள்ளே இருக்கும் பிள்ளையைப் போய்ப் பாருங்கள்

(பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் இன்று அரசியல் பேச வரவில்லை. நம் வீட்டுப் பையன் ஒருவன் பிடிபட்டு உள்ளே போன பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பேச வந்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டில் கேட்டால் "ஜொகூருக்கு வேலைக்குப் போயிருக்கான்" என்கிறோம். கோயில் பக்கம் போவதை நிறுத்திவிடுகிறோம். அப்பா, "எனக்கு அப்படி ஒரு மகனே இல்லை" என்று சொல்லிவிட்டு ஷிப்ட் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். அம்மா சமையலறையில் அழுகிறார். மாதங்கள் ஓடிவிடுகின்றன. பையனைப் பார்க்க ஒருவரும் போவதில்லை.

மானம் பெரிதுதான், இல்லை என்று சொல்லவில்லை. தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, அடுக்குமாடி வீட்டில் ஒண்டி வாழும் நமக்கு மிச்சம் இருப்பதே அதுதான். ஆனால் அந்த மானத்துக்கு விலை கொடுப்பது பதினைந்து வயதுப் பிள்ளை.

நம் நாட்டில் 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 18 வயது நிறையாத ஒவ்வொரு பிள்ளைக்கும் அது பொருந்தும். பிள்ளையைப் பிடித்தால் போலீஸ் உடனே பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். பெரியவர்களோடு சேர்த்து அடைக்கக் கூடாது. போலீஸ் நிலையத்துக்குப் போனால் இதையெல்லாம் மரியாதையாக, ஆனால் தயங்காமல் கேளுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். ரிமாண்டின்போதே இலவசமாக வக்கீல் கொடுப்பதற்கென்று தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. மலாயில் யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன் என்று கேட்டால் சொல்வார்கள்.

அடுத்தது நீதிமன்றம். சிறார் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள் உட்காருவார்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். வெளியார் உள்ளே வர முடியாது. பிள்ளையின் பெயரையோ படத்தையோ பத்திரிகையில் போடக் கூடாது. ஊர் சிரிக்கும் என்று பயப்படுகிறோமே, சட்டம் அந்தக் கதவை முன்பே சாத்தி வைத்திருக்கிறது.

தீர்ப்புக்கு முன்னால் நன்னடத்தை அதிகாரி ஓர் அறிக்கை தயாரிப்பார். வீடு எப்படி, பள்ளிக்கூடம் எப்படி, குடும்பம் எப்படி என்று அதில் எழுதுவார். நம்மில் பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறோம். எச்சரித்து விடுவிக்கவும், நன்னடத்தைக் கண்காணிப்பில் வீட்டுக்கே அனுப்பவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் ஏற்றுக்கொள்ள வீடு தயாராக இல்லை என்று தெரிந்தால் யாரிடம் அனுப்புவது? சமூக நல இலாகாவின் துனாஸ் பக்தி பள்ளிக்குப் போகலாம். சிறைச்சாலை இலாகாவின் ஹென்றி கர்னி பள்ளிக்குப் போகலாம். பிள்ளைகளின் வாழ்க்கையில் மூன்று வருடம் அப்படிக் கழியலாம்.

அப்படி அனுப்பிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அதே சட்டத்தின் 93ஆவது பிரிவின்படி நீதிமன்றம் பெற்றோரிடம் பத்திரம் எழுதி வாங்கலாம். பிள்ளையைத் தவறாமல் போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் அதில் ஒரு நிபந்தனையாக இருக்கலாம். பெற்றோர் வருவது பிள்ளை திருந்துவதற்கான வழிகளில் ஒன்று என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. நமக்குத் தெரிய வேண்டாமா?

சரி, போவது சுலபமா? சுலபம் இல்லை. மலாக்கா தெலுக் மாஸுக்கு ஈப்போவிலிருந்து போய் வர ஒரு நாள் போய்விடும். நாள் சம்பளக்காரருக்கு அன்றைய கூலியும் இல்லை. பஸ் செலவு வேறு. அதனால் முதலில் தொலைபேசியில் கூப்பிட்டு எந்த நாள், எத்தனை மணி, எத்தனை பேர் வரலாம், என்ன கொண்டு வரலாம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையும் பிள்ளையின் பிறப்புப் பத்திரமும் கையில் இருக்கட்டும். பிறப்புப் பத்திரமே இல்லாத பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அது தனிப் போராட்டம், இன்னொரு நாள் பேசுவோம். கைலி, அரைக்கால் சட்டையோடு போய் வாசலிலேயே திரும்பி வராதீர்கள்.

பார்க்கக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அதைத் திட்டியே தீர்த்துவிடாதீர்கள், ஐயா. "உன்னால தலை நிமிர முடியல" என்று நீங்கள் சொல்லி அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. சாப்பிட்டாயா, தூங்குகிறாயா, உடம்புக்கு என்ன, படிப்பு எப்படிப் போகிறது என்று கேளுங்கள். அங்கே இருந்துகொண்டே எஸ்.பி.எம். எழுதியவர்கள் இருக்கிறார்கள். முகத்தையும் கையையும் உற்றுப் பாருங்கள். காயம் இருந்தால் எப்படி வந்தது என்று கேளுங்கள், தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள், வக்கீலிடம் சொல்லுங்கள். வழக்கு இன்னும் முடியவில்லை என்றால் வழக்கைப் பற்றி அங்கே பேச வேண்டாம். சுற்றிலும் காதுகள் இருக்கும். தங்கச்சி பள்ளிக்கூடத்தில் என்ன செய்தாள், பாட்டி என்ன சொன்னார், வீட்டு நாய் குட்டி போட்டது, இப்படிப் பேசுங்கள். வெளியே தனக்கு ஓர் இடம் இன்னும் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியட்டும். அந்த இடத்தை நாம் காலியாக விட்டால், "தம்பி, நான் இருக்கேன்" என்று சொல்லக் குண்டர் கும்பல்காரன் ஒருவன் வருவான்.

அப்பாமார்களுக்கு ஒரு வார்த்தை. அம்மாவை மட்டும் அனுப்பாதீர்கள். நீங்கள் பேசாவிட்டாலும் பரவாயில்லை, எதிரில் உட்காருங்கள்.

தனியாகப் போக முடியாதவர்கள் சேர்ந்து போகலாம். ஒரு வேன் பிடித்தால் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். கூட்டம் முடிந்ததும் பின்னால் இருக்கும் மேசையில் நோட்டுப் புத்தகம் இருக்கும். பிள்ளையின் பெயர் வேண்டாம். உங்கள் பெயர், போன் நம்பர், போக வேண்டிய ஊர், இது மூன்றும் போதும்.