வாடகை டிராக்டர் கணக்கில் விலை தேடும் சூத்திரம்

(டிராக்டரும் கருவிகளும் வாடகைக்கு விடும் சிறு உழவர்களுக்கான பயிற்சி நாளில் ஆற்றிய உரை)



இங்கே கூடியிருப்பவர்களில் பலர் சொந்த நிலத்தை உழுவதோடு நில்லாமல், தம் டிராக்டரை அக்கம்பக்கத்தாருக்கும் வாடகைக்கு ஓட்டி வருகிறீர்கள். சிலர் ஐந்தாறு பேராகச் சேர்ந்து ஒரு வண்டியும் நாலைந்து கருவிகளும் வாங்கிக் குழுவாக நடத்துகிறீர்கள். உழவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உழுது முடித்து, வரப்பில் நின்று, "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்கிறார்களே, அந்த இடத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பெரும்பாலும் அந்தக் கேள்விக்கு மனக்கணக்கில்தான் விடை சொல்கிறோம். சட்டிக் கலப்பைக்கு ஒரு விலை, கொத்துக் கலப்பைக்கு ஒரு விலை, ரோட்டவேட்டருக்கு ஒன்று, சேற்றுழவுக்கு ஒன்று. ஓட்டுநர் ஒன்று சொல்வார், உரிமையாளர் வேறொன்று சொல்வார். வடக்குத் தெருக்காரருக்கு வாங்கியதும் தெற்குத் தெருக்காரருக்கு வாங்கியதும் ஒத்துவராமல், டீக்கடையில் அது பேச்சாகிவிடும். வண்டி ஓய்வின்றி ஓடியும் போக முடிவில் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்று சொல்பவர்களின் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். சேதாரத்தில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

பால் கூட்டுறவுச் சங்கத்தில் முன்பெல்லாம் சுவரில் ஒரு விலை அட்டை தொங்கும். பாலின் கொழுப்பு அளவை ஒரு பக்கமும், கொழுப்பல்லாத இதர சத்தின் அளவை இன்னொரு பக்கமும் பார்த்து, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் விரல் வைத்து லிட்டருக்கு இன்ன விலை என்று செயலாளர் சொல்வார். யார் கேட்டாலும் அதே விலை. கணினியில் விலை தேடும் சூத்திரம் என்பது அந்த விரல்தான். விலை ஒரே இடத்தில் எழுதியிருக்கும். வேண்டும்போதெல்லாம் சூத்திரம் அங்கே போய்ப் பார்த்து எடுத்து வரும்.

இது புதிய சங்கதி அல்ல. 1979இல் ஆப்பிள் கணினிக்கென வெளிவந்த விசிகால்க் என்ற கணக்குத் தாள் நிரலிலேயே அட்டவணையில் தேடும் வசதி இருந்தது. அன்று அது கம்பெனிக்காரர்களுக்கு. இன்று உங்கள் சட்டைப் பையிலுள்ள கைபேசியில் கூகுள் ஷீட்ஸ் என்ற செயலி இலவசமாகவே கிடைக்கிறது. எக்செல் வைத்திருப்பவர்கள் அதிலும் செய்யலாம், முறை ஒன்றே.

முதலில் ஒரு தாளைத் திறந்து அதற்கு 'விலை' என்று பெயரிடுங்கள். அதில் நான்கு நெடுவரிசைகள் போதும். ஏ வரிசையில் குறி எண், பி வரிசையில் வேலையின் பெயர், சி வரிசையில் அலகு, டி வரிசையில் விகிதம். எடுத்துக்காட்டாக 101 சட்டிக் கலப்பை, மணி, 1,200 ரூபாய். 102 கொத்துக் கலப்பை, மணி, 1,000. 103 ரோட்டவேட்டர், மணி, 1,200. 104 சேற்றுழவு, மணி, 1,300. 105 டிரெய்லர், மணி, 600. 106 கதிரடிப்பு, மணி, 1,400. இவை விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் ஊர் விலை உங்களுக்குத்தான் தெரியும்.

பெயர் இருக்கக் குறி எண் எதற்கு என்று கேட்கலாம். ஒருவர் ரோட்டவேட்டர் என்று எழுதுவார், இன்னொருவர் ரொட்டாவேட்டர் என்று எழுதுவார், மூன்றாமவர் சுழல் கலப்பை என்பார். நமக்கு மூன்றும் ஒன்று; கணினிக்கு மூன்றும் வேறு. சொல்லின் முடிவில் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்தால்கூட அதற்கு அது வேறு சொல்தான். எண்ணில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

அடுத்து 'வேலை' என்று இரண்டாவது தாள். ஏ தேதி, பி உழவர் பெயர், சி குறி எண், டி ஓடிய மணி, ஈ விகிதம், எஃப் தொகை. விகிதத்தை நீங்கள் கையால் எழுதப் போவதில்லை. ஈ2 கட்டத்தில் இந்தச் சூத்திரம் வர வேண்டும்:

=விலுக்கப்(சி2, விலை!$ஏ$2:$டி$40, 4, ஃபால்ஸ்)

நான் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கைபேசியில் இதை ஆங்கில எழுத்துக்களில் அடிக்க வேண்டும்: வி, எல், ஓ, ஓ, கே, யு, பி. அடைப்புக்குள் நான்கு செய்திகள் உள்ளன. எதைத் தேட வேண்டும்: சி2இல் உள்ள குறி எண். எங்கே தேட வேண்டும்: விலைத் தாளின் அட்டவணையில். அங்கே எத்தனையாவது நெடுவரிசையில் உள்ளதை எடுத்து வர வேண்டும்: நான்காவது. கடைசியாக, அச்சு அசலாக அதே எண் கிடைத்தால்தான் எடுக்க வேண்டுமா, ஏறக்குறைய இருந்தால் போதுமா: ஃபால்ஸ் என்றால் அச்சு அசலாக. அதற்குப் பதில் 0 என்று அடித்தாலும் ஒன்றே. இரண்டாவது செய்தியைக் கையால் அடிக்காமல், அந்த இடம் வந்ததும் விலைத் தாளுக்குப் போய்க் கட்டங்களை விரலால் இழுத்துக் காட்டினால் அதுவே எழுதிக்கொள்ளும். டாலர் குறிகளை மட்டும் மறவாமல் சேருங்கள். அவை இல்லையென்றால் சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது அட்டவணையும் கூடவே நகர்ந்துவிடும். எஃப்2இல் =டி2*ஈ2 என்று போட்டால் தொகை வந்துவிடும்.

அந்த நான்காவது செய்தியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதனால் பட்டவன் நான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவுக்கு நானே இந்தத் தாளைப் போட்டுக் கொடுத்தேன். அவசரத்தில் நான்காவது செய்தியை எழுதாமல் விட்டுவிட்டேன். எழுதாமல் விட்டால் 'ஏறக்குறைய போதும்' என்று கணினி எடுத்துக்கொள்ளும். அன்று அவர்களிடம் 105 வரைதான் வேலைகள் இருந்தன. எல்லாம் சரியாகவே நடந்தது. பிறகு கதிரடிக்கும் இயந்திரம் வாங்கினார்கள். கணக்கு எழுதும் தம்பி வேலைத் தாளில் 106 என்று அடித்தார். விலைத் தாளில் 106ஐச் சேர்க்க மறந்துவிட்டார். சூத்திரம் 106ஐத் தேடியது, கிடைக்கவில்லை. அதற்குக் கீழ்ப்பட்ட எண்களில் பெரியதான 105ஐப் பிடித்துக்கொண்டு, டிரெய்லருக்குரிய 600 ரூபாயை எடுத்து வந்துவிட்டது. ஒரு முனகலும் இல்லை. 23 மணி நேரம் கதிரடித்து, மணிக்கு 800 ரூபாய் வீதம் 18,400 ரூபாய் குறைவாக வாங்கியிருந்தார்கள்.

கண்டுபிடித்தது நானும் அல்ல, அந்தத் தம்பியும் அல்ல. வாடகை கொடுக்க வந்த பெரியவர் ஒருவர், "ஏன் தம்பி, போன போகத்துக்கு வெளியாளுக்கே இதைவிட அதிகமாகக் கொடுத்தேனே, சரியாப் பாத்தியா?" என்று கேட்டிருக்கிறார். ஏழு பேரிடம் பாக்கி நின்றது. நால்வர் கொடுத்துவிட்டனர். மூவர், "ரசீது கொடுத்தாயிற்று, இனி என்ன பாக்கி?" என்றனர். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நஷ்டத்தைக் குழு ஏற்றுக்கொண்டது. யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஃபால்ஸ் என்று எழுதியிருந்தால், 106 இல்லாதபோது அந்தக் கட்டத்தில் #என்/ஏ என்ற குறி வந்து நின்றிருக்கும். இந்தக் குறியைக் கண்டால் பலர் தாள் கெட்டுவிட்டது என்று பதறுகிறார்கள். 'இந்த விலை என்னிடம் இல்லை' என்று தாள் உண்மை சொல்கிறது, அவ்வளவுதான். இந்தக் குறி பார்க்க நன்றாக இல்லை என்று, பிழை வந்தால் பூஜ்யம் காட்டு என வேறொரு சூத்திரத்தைச் சிலர் மேலே போர்த்துகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உழவு இலவசமாகிவிடும்.

'ஏறக்குறைய' என்பதற்கும் ஓர் இடம் உண்டு. தூரத்துக்கு ஏற்ப வண்டி வரும் செலவு வாங்குகிறீர்கள் அல்லவா? தனியாக ஒரு சிறு அட்டவணையில் 0 கிலோமீட்டருக்கு 0, 4க்கு 150, 8க்கு 300, 15க்கு 500 ரூபாய் என்று ஏறுவரிசையில் எழுதி, நான்காவது செய்தியாக ட்ரூ என்று கொடுங்கள். 11 கிலோமீட்டர் என்றால் 8க்கு உரிய 300ஐ எடுத்து வரும். இங்கே அதுதான் நமக்கு வேண்டியது. ஆனால் வரிசை குலைந்திருந்தால் என்ன எண் வரும் என்று சொல்ல முடியாது. படிப்படியாக ஏறும் விகிதங்களுக்கு ட்ரூ, மற்ற எல்லாவற்றுக்கும் ஃபால்ஸ்.

இனி, நேரத்தை எழுதுவதில் ஒரு தவறு. 1 மணி 20 நிமிடம் ஓடினால் பலர் 1.20 என்று அடிக்கிறார்கள். ரோட்டவேட்டருக்கு 1,440 ரூபாய் வரும். 20 நிமிடம் என்பது மணியில் மூன்றில் ஒரு பங்கு; சரியான தொகை 1,600. ஒரு வேலைக்கு 160 ரூபாய் போயிற்று. டி2 கட்டத்தில் =1+20/60 என்று அடித்துவிடுங்கள், மீதியைத் தாள் பார்த்துக்கொள்ளும். ஏக்கர் கணக்கில் வாங்குபவர்களுக்கு வேறு தொல்லை: ஒருவர் சென்ட்டில் சொல்வார், ஒருவர் மாவில் சொல்வார், ஒருவர் குழியில் சொல்வார். அதற்கும் ஓர் அட்டவணை போட்டு, ஒரு சென்ட் 0.01 ஏக்கர், ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர் என்று எழுதித் தேட வைக்கலாம். குழி மட்டும் ஊருக்கு ஊர் மாறும். 144 சதுர அடிக் குழியானால் 100 குழி சேர்ந்த ஒரு மா ஏறத்தாழ 0.33 ஏக்கர். உங்கள் ஊர்க் குழி எத்தனை அடிக் கோலில் அளந்தது என்று விசாரித்து எழுதுங்கள்.

விலைத் தாளின் நடுவில் புதிய நெடுவரிசை எதையும் நுழைக்க வேண்டாம். விகிதத்துக்கு முன்னால் 'டீசல் லிட்டர்' என்று ஒன்றை நுழைத்தால் நான்காவது நெடுவரிசை இப்போது அதுதான். சூத்திரத்திலுள்ள 4 தானாக 5 ஆகாது. மணிக்கு 6 ரூபாய் என்று ரசீது போகும். சேர்க்க வேண்டியதை வலது கோடியில் சேருங்கள். எக்ஸ்-லுக்-அப் என்ற புதிய சூத்திரத்தில் இந்தத் தொல்லை இல்லை. விலை உள்ள வரிசையையே அதற்குக் காட்டிவிடுகிறோம். ஒன்றும் சொல்லாவிட்டால் அது அச்சு அசலாகவே தேடும். கூகுள் ஷீட்ஸில் 2022 முதல் இது கிடைக்கிறது. எக்செல் 2016, 2019 பதிப்புகளில் இல்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் இதையே பழகலாம் என்பது என் எண்ணம்.

டீசல் விலை ஏறும்போது என்ன செய்வது? 103க்கு எதிரே 1,200ஐ அழித்து 1,300 என்று எழுதினால், நாளைய வேலைக்கு மட்டுமல்ல, சென்ற மாதம் எழுதி ரசீது கொடுத்து முடித்த வேலைகளுக்கும் 1,300 ஆகிவிடும். சூத்திரம் ஒவ்வொரு முறையும் விலைத் தாளைத்தான் பார்க்கிறது, தேதியைப் பார்ப்பதில்லை. ஆடியில் 1,200 என்று வாங்கியவரிடம் ஐப்பசியில் தாளைத் திறந்து காட்டினால் 1,300 என்று நிற்கும். உங்கள் நேர்மையைச் சந்தேகிக்க அதற்குமேல் வேறு என்ன வேண்டும்? இதற்கு இரண்டு வழிகள். வசூலானதும் அந்த வரியை நகலெடுத்து, 'மதிப்பை மட்டும் ஒட்டு' என்ற கட்டளையால் அதே இடத்தில் ஒட்டிவிடலாம். சூத்திரம் போய் எண் நிலைத்துவிடும். இதைத் தினமும் நினைவாகச் செய்ய வேண்டும் என்பதுதான் குறை. எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி: பழைய வரியைத் தொடாமல், 203 ரோட்டவேட்டர், 1,300 என்று புதிய வரி சேர்த்துவிடுவது. அன்று முதல் 203 என்று எழுதிவர வேண்டும். எந்த வேலை எந்த விலையில் நடந்தது என்பதற்கு அந்தக் குறி எண்ணே சாட்சி.

அந்த விகிதம் சரியானதுதானா என்பதைச் சூத்திரம் சொல்லாது. அதை நீங்கள்தான் காண வேண்டும். டேங்க்கை வழிய நிரப்பி, ரோட்டவேட்டரை மூன்று மணி நேரம் ஓட்டி, மீண்டும் அதே மட்டத்துக்கு நிரப்புங்கள். பிடித்த லிட்டரை மூன்றால் வகுத்தால் மணிக்கு எவ்வளவு என்று தெரியும். மணிக்கு 6 லிட்டர், லிட்டர் 95 ரூபாய் என்று வைத்தால் டீசல் மட்டும் 570. ஓட்டுநருக்கு 150, தேய்மானம், பிளேடு, டயருக்கு 180, கடன் தவணைக்கு 250 என்றால் 1,150 ஆகிறது. 1,200 வாங்கினால் உங்களுக்கு 50. கருவிக்குக் கருவி டீசல் மாறும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை அளந்துவிடுங்கள்.

பிற்பகலில் இந்தத் தாளை உங்கள் கைபேசியிலேயே போட்டுப் பார்க்கப் போகிறோம். சென்ற போகத்து நோட்டைக் கொண்டு வந்திருப்பவர்கள் அதிலிருந்து இருபது வேலைகளை அப்படியே எழுதுங்கள். அன்று உண்மையில் வாங்கிய பணத்தைத் தொகைக்குப் பக்கத்தில் ஜி வரிசையில் குறியுங்கள். இரண்டும் ஒத்துவராத வரிகளைப் பற்றி நாம் சேர்ந்து பேசலாம்.