துயிலும் சான்றும்

(நமது சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எம்மிடம் முன்னர்த் தமிழ் பயின்ற மாணாக்கர் ஒருவர் அமெரிக்க நாட்டிற் குடியேறி, அந்நாட்டுப் படையிற் சில்லாண்டு பணிபுரிந்து வெளிவந்தவர். அண்மையில் அவர் எமக்கு வரைந்த கடிதமே இவ்வுரைக்குக் காரணமாயிற்று. இரவெல்லாம் உறங்கியும் பகலிற் கண் அயர்கின்றதென்றும், வண்டி ஓட்டுங்கால் ஒருமுறை இமை மூடிவிட்டதென்றும், மருத்துவர் அதனை ‘ஸ்லீப் ஆப்னியா’ எனத் துணிந்தனரென்றும் எழுதியிருந்தார். படையிலிருந்த நாளிலேயே அந்நோய் தொடங்கியதென்பது அவர் கருத்து. ஊன ஈட்டுத்தொகை வேண்டி விண்ணப்பிக்கலாமெனினும், தம் குறட்டைக்குப் பிறரிடம் சாட்சி கேட்க நாணமாயிருக்கின்றதென முடித்திருந்தார். அந்நாணத்தைக் குறித்தே யாம் பேசப் புகுந்தோம்.

‘ஆப்னியா’ என்னுங் கிரேக்கச் சொல் மூச்சின்மை எனப் பொருள்படும். உறங்குங்கால் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழியை அடைக்க, 10 வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கும். குருதியில் உயிர்வளி குறையும். மூளை திடுக்கிட்டு எழுப்ப, மூச்சு மீளும். மூச்சு இவ்வாறு நிற்பதும் குறைவதும் மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ நிகழின் அதனைக் கடுநோய் என்பர். விடிந்தபின் உறங்கினவனுக்கு அவற்றுள் ஒன்றேனும் நினைவிராது. இரத்த அழுத்தமும் இதய நோயும் இதனைத் தொடர்ந்து வருதல் உண்டு. 1981-ஆம் ஆண்டில் சிட்னி நகரத்து மருத்துவர் காலின் சல்லிவன், மூக்கின் வழியே காற்றைச் சீரான அழுத்தத்துடன் செலுத்தி அவ்வழியைத் திறந்துவைக்கும் முறையை வெளியிட்டார். அதுவே ‘சீபேப்’ கருவி.

இனி, அமெரிக்கச் சட்டம் வேண்டுவன மூன்று. முதலாவது, நோய் இன்று உண்டென்பது; இதனை உறக்கச் சோதனை காட்டும். இரண்டாவது, பணிக்காலத்தே அதன் தோற்றமோ காரணமோ இருந்ததென்பது. மூன்றாவது, இவ்விரண்டையும் இணைக்கும் மருத்துவர் கருத்து. ஆம் என்பதற்கும் அன்று என்பதற்கும் ஒத்த வாய்ப்பு உண்டென அவர் காரணங்காட்டி உரைப்பினும் அமையும். சான்றுகள் இருபாலும் சமமாய் நிற்குமிடத்து ஐயத்தின் பயன் வீரனுக்கே உரியது.

இவற்றுள் இரண்டாவதே அரிது. பாசறையிற் குறட்டை நகைப்புக்கிடமாகுமேயன்றி ஏட்டில் ஏறுவதில்லை. திடகாத்திரனான இளைஞனுக்கு உறக்கச் சோதனை செய்வோர் யார்? ஆதலின் ஆண்டுகள் கழிந்து நோய் வெளிப்படுங்கால் பழைய ஏடுகள் வாய்திறவா. அங்ஙனம் நேரிடின், அருகிருந்து கண்டாரும் கேட்டாருமே சான்று. உடன் தங்கிய தோழன், “இவன் மூச்சு நின்று, பின் திணறி எழக் கண்டேன்” என எழுதித் தரலாம். மனைவியும் எழுதித் தரலாம். நோயின் பெயரை மருத்துவரே கூறவேண்டுமெனினும், கண்டதைக் கூற எவர்க்கும் உரிமையுண்டு. படைவிட்டபின் மணந்தவள் தான் கண்ட காலத்திற்கே சான்றாவாள். முற்காலத்திற்குத் தோழனையே நாடவேண்டும்.

1996-ஆம் ஆண்டில் வகுத்த அளவையின்படி, அறிகுறியின்றிச் சோதனையில் மட்டும் தெரியும் நோய்க்கு 0 விழுக்காடும், நீங்காப் பகலுறக்கத்திற்கு 30-உம், மூச்சுக்கருவி தேவைப்படின் 50-உம், மூச்சுறுப்புகள் பெரிதுங் கெட்டவிடத்து 100-உம் குறிக்கப்பட்டன. இதனை மாற்றும் முன்மொழிவு 2022-இல் வெளியாயிற்று. ஆதலின் விண்ணப்பிப்போர் அவ்வப்போதுள்ள விதியைக் கேட்டறிதல் நன்று.

எம் மாணாக்கருக்கு யாம் விடுத்த மறுமொழி இது: “தம்பி! பசியைப் பசித்தவன் அறிவான். இந்நோயையோ உறங்கினவன் அறியான், விழித்திருந்தவனே அறிவான். ஆதலின் சாட்சி கேட்டல் இரத்தல் அன்று. உண்மையை உண்டவாறே, கூட்டாமலும் குறைக்காமலும் எழுதித் தருமாறு கேள். ஈட்டுத்தொகை வரும்வரை மருத்துவத்தை ஒத்திவையாதே.” தோழருக்கு எழுதிவிட்டதாக அவர் விடை வந்தது.

அன்பர்களே! நம் இல்லங்களிலும் குறட்டைக்கு நகைக்கின்றோம். இன்றிரவு நகைக்குமுன் சற்றே செவிகொடுத்துக் கேளுங்கள். இடையே மூச்சு நிற்குமாயின், விடிந்ததும் அவர்க்கு அதனைக் கூறி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் தாமாக அதனை அறியார்.