பல்கலைக்கழக மாணவரும் வலைப்பூவும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

     

பத்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தியவர் யாம். தந்தையார் பணியிலிருக்கும்போதே மறைந்தமையால் ரயில்வேயில் சேர்ந்து, இன்று கோப்புகளுக்கிடையே காலங்கழிக்கும் எழுத்தராக உள்ளோம். பல்கலைக்கழகத்தின் வாயிலை மாணவராக மிதித்தறியோம். அங்ஙனமிருக்க, பல்கலைக்கழக மாணவர் வலைப்பூவையும் சமூக ஊடகங்களையும் பயன்படுத்தும் முறைபற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். “இப்பொருளில் தவறு செய்தவர் நீங்கள்தாம், ஆகவே நீங்களே பேசுங்கள்” என்று செயலாளர் நகைத்தவாறு கூறினார். அவர் கூற்று மெய்யே. அத்தவற்றை முதலில் உரைத்துவிட்டு மேலே செல்வோம்.

எம் மூத்த மகள் தாவரவியல் பயில்பவள். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதலாண்டிலேயே ஒரு வலைப்பூ தொடங்கினாள். இந்தக் கரக்பூர் ரயில்வே காலனியிலும் இருப்புப்பாதை ஓரங்களிலும் வளரும் செடிகொடிகளைப்பற்றி அதில் எழுதி வந்தாள். எருக்கு எப்பொழுது பூக்கிறது, அதனை வங்காளியர் ஆகந்தோ என்பது ஏன், நம் நொச்சியைத்தான் அவர்கள் நிஷிந்தா என்கின்றனரா என்றெல்லாம் நாள் குறித்து, படமெடுத்து எழுதினாள். இரண்டு மழைக்காலம் இவ்வாறு கழிந்தது. அதனை யாம் ஒருநாளும் படித்ததில்லை.

ஒருநாள் ஊரிலிருந்து உறவினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “பெண்பிள்ளையின் பெயரும் படமும் ஊரறியத் திரிகின்றனவே, நீ கவனிப்பதில்லையா?” என்றார். அன்றிரவே அதனை அழித்துவிடுமாறு மகளிடம் சொன்னோம். அவள் ஒரு சொல்லும் எதிர்த்துரைக்கவில்லை. எம் கண்ணெதிரே அழித்துவிட்டுப் படுக்கச் சென்றாள். கைப்பேசியிலேயே எழுதி வந்தமையால் அவளிடம் வேறு படியும் இல்லை.

மறு ஆண்டு, ஓர் ஆய்வு நிறுவனத்தில் கோடை விடுமுறைப் பயிற்சிக்காக நேர்முகத் தேர்வுக்குச் சென்றாள். “நீங்களே தொடர்ந்து கவனித்து எழுதியது ஏதேனும் உண்டா? காட்ட இயலுமா?” என்று தேர்வாளர் கேட்டாராம். “இருந்தது ஐயா, இப்போது இல்லை” என்றாளாம். இடம் கிட்டவில்லை. அதுவொன்றே காரணம் என்று யாம் கூறோம். ஆயினும் வீடு திரும்பிய மகள் தன் தாயிடம் நடந்ததைச் சொல்லி, “அப்பாவிடம் சொல்லாதே அம்மா, வருந்துவார்” என்றாளாம். அச்சொல்தான் எம்மை இம்மேடையில் நிறுத்தியுள்ளது. அவள் குறித்து வைத்த நொச்சிப் புதர்களில் சில பின்னர்ப் பாதை வேலைக்காக அகற்றப்பட்டன. அவ்விரண்டு மழைக்காலங்களில் அவை எந்நாளிற் பூத்தன என்பதை இனி எவரும் அறிய இயலாது.

அன்பர்களே! இணையம் என்றாலே வீண்பொழுது என்று நம்மிற் பலர் கருதுகின்றோம். ஆனால் அதில் நாம் காணும் வலை பிறந்த இடம் எது? 1989-இல் ஜெனீவாவை அடுத்த செர்ன் என்னும் இயற்பியல் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் வகுத்ததே உலகளாவிய வலை. பல நாட்டுப் பல்கலைக்கழகத்தாரும் தம் ஆய்வுக் குறிப்புகளைத் தமக்குள் எளிதிற் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே அவர் நோக்கம். முகநூலும் 2004-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக விடுதியில், மாணவர்கள் தம்முள் அறிமுகம் கொள்வதற்காகத் தோன்றியதே. 2006-இல்தான் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. எனவே இக்கருவிகள் பல்கலைக்கழகத்திற்குள் புகுந்த அயலார் அல்லர். அங்கேயே பிறந்து, பின்னர்க் கடைத்தெருவுக்கு வந்தவை.

அவற்றைக் கல்விக்கு மீட்டுக்கொண்டவர்களும் உளர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியராக இருந்த திமோதி கவர்ஸ், 1998-இல் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றவர். அவர் 2009 ஜனவரியில் தம் வலைப்பூவில் ஒரு கடினமான கணக்கை வைத்து, “பலர் கூடித் திறந்தவெளியில் இதனைத் தீர்க்க இயலுமா?” என்று வினவினார். விருப்பமுள்ள எவரும் வரலாம்; சிறு எண்ணமாயினும் கூறலாம்; பிறரை இழித்துரைத்தல் கூடாது. ஐந்து வாரத்திற்குச் சற்று மேலான காலத்தில் 27 பேர் ஏறத்தாழ 800 குறிப்புகள் எழுதினர். அவர்களுள் பெரும்பேராசிரியரும் இருந்தனர், பள்ளி ஆசிரியரும் இருந்தார். கணக்குத் தீர்ந்தது. கட்டுரை 2012-இல் புகழ்பெற்ற கணித ஆய்விதழ் ஒன்றில், தனியொருவர் பெயரின்றி, ‘பாலிமேத்’ என்னும் பொதுப்பெயரில் வெளியாயிற்று.

இதனைக் கேள்வியுற்றபோது எமக்கு வேறோர் எழுத்தர் நினைவுக்கு வந்தார். 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில், மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் அமர்ந்தவர் சீனிவாச இராமானுஜன். கல்லூரித் தேர்வில் தேறாதவர். அவர் 1913 ஜனவரியில் தம் கண்டுபிடிப்புகளைத் தாளில் எழுதி, அதே கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு அஞ்சலில் அனுப்பினார். முன்னர் வேறு அறிஞர்களுக்கு எழுதியவை பயன்தரவில்லை, இக்கடிதம் பயன்தந்தது. மறு ஆண்டு அவர் கப்பலேறினார். அக்கடிதத்தின் வலிமை யாது? பரிந்துரையன்று, குலப்பெருமையன்று, உள்ளே இருந்த வேலை. மாணவச் செல்வங்களே, உங்கள் வலைப்பூ அத்தகைய கடிதமாக அமைதல் வேண்டும். நம் காலனிப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கப் பெரிய மனிதர்கள் இல்லை. செய்த வேலையைக் காட்டும் வழி திறந்திருக்கும்போது அதனை அடைப்பது தகுமோ?

இனி, பயன்படுத்தும் முறையைச் சிறிது கூறுவோம். எமக்குத் தெரிந்த தொழிலைக்கொண்டே விளக்குவோம்.

முதலாவதாக, வலைப்பூ வேறு, சமூக ஊடகம் வேறு. வலைப்பூ அலுவலகப் பதிவேடு போன்றது. நாள் குறித்து, விரிவாக எழுதி, பல ஆண்டு கழித்தும் எடுத்துப் பார்க்கத்தக்கது. முகநூலும் எக்ஸ் தளமும் வாட்ஸப் குழுவும் நடைமேடை ஒலிபெருக்கி போன்றவை. வண்டி எங்கே நிற்கிறது என்று அறிவிப்பதே அவற்றின் பணி. விரிவான எழுத்தை வலைப்பூவில் எழுதுங்கள். “இதனை எழுதியுள்ளேன், பிழையிருப்பின் திருத்துங்கள்” என்று ஒலிபெருக்கியில் இரண்டு வரி அறிவியுங்கள். ஒலிபெருக்கியையே வண்டியென்று எண்ணுவோர் ஊர்போய்ச் சேரார்.

இரண்டாவதாக, எழுத வேண்டியது யாது? வகுப்பிற் கேட்டது எங்கே விளங்கியது, எங்கே விளங்கவில்லை, ஆய்வுக்கூடத்திற் செய்த சோதனை ஏன் தவறியது, படித்த நூல் என்ன சொல்கிறது, இவற்றை எழுதுங்கள். வாரம் ஒன்று போதும். பிறர் கருத்தாயின் அவர் பெயரைச் சொல்லுங்கள். இயந்திரத்தைக்கொண்டு எழுதுவித்ததைத் தம் எழுத்தென்று காட்டுதல் பிறன் பயணச்சீட்டில் ஏறுவது போன்றதாம். பரிசோதகர் வரும்வரைதான் அந்தப் பயணம்.

மூன்றாவதாக, பிழை நேர்ந்தால் மறைக்காதீர்கள். எம் பதிவேட்டில் ஓர் எண் தவறாயின் அதனைச் சுரண்டி அழித்தல் கூடாது; ஒரு கோடிட்டுச் சரியான எண்ணை எழுதி, பக்கத்திற் சுருக்கொப்பம் இடவேண்டும். வலைப்பூவிலும் “இன்ன நாளில் திருத்தினேன்” என்று எழுதினால் படிப்பவர்க்கு உங்கள்மேல் நம்பிக்கை கூடும்.

நான்காவதாக, எப்பொழுதும் ஒரு படியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு இளைஞர் பெரிதும் விரும்பிய ஆர்குட் என்னும் தளம் 2014 செப்டம்பர் 30-ஆம் நாள் மூடப்பட்டது. அதில் எழுதிப் படியெடுக்காமல் விட்டவர் பலர் இழந்தனர். பிறர் இடத்தில் கட்டிய வீடு நம் வீடன்று. எம் மகளின் இழப்பும் இப்பாடத்தையே சொல்லும்.

ஐந்தாவதாக, எழுதக் கூடாதவையும் உள. தோழியரின் படத்தை அவர் இசைவின்றி இடாதீர்கள். கைப்பேசி எண், விடுதி அறை, தேர்வு நுழைவுச்சீட்டு, பயணச்சீட்டு ஆகியவற்றைப் பொதுவில் வையாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் இன்னும் வெளியிடாத முடிவுகளை ஆசிரியர் ஒப்புதலின்றிச் சொல்லாதீர்கள். சினத்தில் எழுதியதை ஓர் இரவு கழிந்தபின் அனுப்புங்கள். தேர்வு நாள் மாறியது என்று குழுவில் வந்தால், பல்கலைக்கழகத்தின் சொந்த அறிவிப்பைப் பார்க்குமுன் பிறர்க்கு அனுப்பாதீர்கள். “எளிதிற் பட்டம் தருகிறோம்” என்னும் விளம்பரம் வந்தால், போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழுவே வெளியிடுகிறது, அதனை நோக்குங்கள்.

உரிமையும் எச்சரிக்கையும் ஒருசேர வேண்டும். 2012-இல் மகாராஷ்டிரத்தின் பால்கரில், முகநூற் கருத்து ஒன்றின்பொருட்டு இளம்பெண்கள் இருவர் கைது செய்யப்பட்டனர். அதுகண்டு மனம்பொறாத ஷ்ரேயா சிங்கால் என்னும் இளம்பெண் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-அ பிரிவு செல்லாது என 2015 மார்ச் 24-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. பேச்சுரிமை உறுதிபெற்றது. ஆயினும் அவதூறு, மிரட்டல் முதலியவற்றுக்குரிய சட்டங்கள் இன்றும் உள என்பதை மறவாதீர்கள்.

பெற்றோர்களே! இனி உங்களுக்கும் எமக்குமாகச் சில சொற்கள். அச்சம் நமக்கு இயல்பே. தொல்லை தருவோர் இணையத்தில் இருப்பது மெய்யே. ஆனால் தொல்லை நேர்ந்தால் முதலிற் கைப்பேசியைப் பறிப்போம் என்று பிள்ளைகள் அறிந்தால், அவர்கள் நம்மிடம் சொல்லவே மாட்டார்கள். அதுவே பெருந்தீங்கு. நடந்ததைப் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். கல்லூரியில் உள்ள உள்முகப் புகார்க் குழுவிடம் செல்லுங்கள். இணையக் குற்றங்களுக்கு 1930 என்னும் அரசின் உதவி எண்ணும் உண்டு. ‘ஊரார் என்ன சொல்வார்’ என்னும் ஒரு கேள்விக்காகப் பிள்ளையின் ஈராண்டு உழைப்பை அழித்தவர் உங்கள்முன் நிற்கிறோம். தடை போடுமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள். யாம் அதனைச் செய்யவில்லை.

இறுதியாக, சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். நம் பிள்ளைகள் பள்ளியில் வங்காளமும் இந்தியும் ஆங்கிலமும் கற்கின்றனர். வீட்டிற் பேசும் தமிழை எழுத வரவில்லை. தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் நடைபெறுகிறது. எழுதுவோர்க்கு அங்கு இடமுண்டு. தமிழ்நாட்டரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைச் சிலநாட் பயிற்சியிற் பழகலாம். ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம் சங்கக் கூடத்தில் இதனைக் கற்பித்தால், வேதியியல் பயில்பவனும் வரலாறு பயில்பவளும் தாம் கற்றதில் ஒரு பகுதியையேனும் தமிழிலும் எழுதுவர். அவர்தம் பாட்டிமாரும் படித்து மகிழ்வர்.

எம் மகள் இவ்வாண்டு ஆடி மாதத்தில் மீண்டும் எழுதத் தொடங்கியுள்ளாள். யாம் கேட்டுக்கொண்டோம், உடனே இசையவில்லை. சில திங்கள் கழித்தே, “நீங்கள் படிப்பீர்களா அப்பா?” என்று கேட்டாள். இப்பொழுது ஒவ்வொரு ஞாயிறும் படிக்கிறோம். செடிகளைப்பற்றி எமக்கு ஏதும் தெரியாது. எழுத்துப்பிழை மட்டும் சொல்கிறோம். அதுவும் அவளுக்கு உதவியாகத்தான் இருக்கிறதாம்.