கிண்ணத்தில் இருப்பது விருந்தா, கையூட்டா?



2023ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் திகதி, சனிக்கிழமை. தாய்லாந்தின் தலைநகராகிய பாங்கொக்கில் உல்லாசப் பிரயாணிகள் மதுச்சாலைகளை நாடும் மாலை வேளை. ஆனால், அன்று ஆறு மணியோடு மது விற்பனை நின்றது. மறுநாள் பொதுத் தேர்தல். வாக்களிப்புக்கு முன்தினம் மாலை 6 மணி முதல் வாக்களிப்புத் தினத்தின் மாலை 6 மணி வரை மதுவை விற்கவோ, வழங்கவோ, மது விருந்து வைக்கவோ கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 பாத் வரை தண்டம், அல்லது இரண்டும்.

"எனக்கு இங்கே வாக்கில்லை, வேட்பாளர் யாரென்பதும் தெரியாது. என் கிண்ணத்தை ஏன் கவிழ்க்க வேண்டும்?" என்று பிரயாணி கேட்கிறார். நியாயமான கேள்விதான். பிலிப்பைன்ஸ் நாட்டின் 1985ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டம் இதற்கு இடங்கொடுத்தது. உல்லாசப் பிரயாணிகளுக்கென அங்கீகாரம் பெற்ற ஹோட்டல்களுக்கு விலக்களிக்க அது வழி வைத்தது. தாய்லாந்தின் விதியோ விருந்தினரையும் வீட்டாரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது.

தேர்தலுக்கும் மதுவுக்கும் உள்ள உறவு பழையது. 1758இல் வர்ஜீனியாச் சட்டசபைக்கு ஜோர்ஜ் வாஷிங்டன் போட்டியிட்டபோது, அவர் சார்பில் வாக்காளருக்கு ஏறத்தாழ 160 கலன் மது வழங்கப்பட்டது. அவர் வென்றார். கொடுத்தவர் அதனை உபசாரம் என்றிருப்பார். வாங்கியவருக்கோ அது கடனாயிற்று.

நமது இலக்கியத்திலும் இவ்விரு முகங்களைக் காண்கிறோம். சங்கப் புலவர் கள்ளை விருந்தாகப் போற்றினர். அதியமான் ஔவையாரோடு அதனைப் பகிர்ந்துண்டதைப் புறநானூறு பேசுகிறது. வள்ளுவரோ கள்ளுண்ணாமையை வலியுறுத்தினார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். புலால் மறுத்தலை அறத்துப்பாலில் வைத்தவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில், 93ஆம் அதிகாரமாக வைத்தார். புலால் தனிமனிதன் அருளைச் சார்ந்தது; கள்ளோ நாட்டின் நடப்பைச் சார்ந்தது என்று அவர் கருதினார் போலும். தாய்லாந்தின் சட்டமும் குடியைப் பாவமென்று சொல்லவில்லை. தீர்ப்பளிக்கும் நாளில் அறிவு தெளிந்திருக்கட்டும் என்கிறது, அவ்வளவே.

இதனால் நட்டப்படுவோரும் உண்டு. பிரயாணி இழப்பது ஒருநாட் களிப்பு. பரிமாறும் ஊழியர் இழப்பதோ அன்றைய வருவாய். அவருள் பலருடைய பெயர்கள் தொலைதூரக் கிராமங்களின் வாக்காளர் இடாப்புகளிலே இருக்கின்றன. வாக்களிக்க ஊர் செல்லும் செலவும் அவர்களுடையதே. இந்தச் சுமையை எண்ணாமல் சட்டத்தை மட்டும் புகழ்வது நேர்மையாகாது.

ஆயினும், ஒரே மேசையில் அந்நியருக்குக் கிண்ணத்தை நிறைத்துவிட்டுக் குடிமகனை மறித்தால், முகத்தைப் பார்த்து மாறும் சட்டமாகிவிடும் அது. சொந்த நாட்டிலேயே குடிமகன் இரண்டாந்தரமாவான்.

போயா தினங்களில் மதுச்சாலைகள் மூடப்படுவதைக் கண்டு பழகிய நமக்கு இவ்வொழுங்கு புதிதன்று. விரதவீட்டுக்குப் போன விருந்தாளி மச்சக்கறி கேட்பதில்லை. வீட்டார் உண்பதைத் தாமும் உண்டு எழுகிறார். அவ்வேளையில் அவர் காசு கொடுத்துத் தங்கும் அந்நியரல்லர், அவ்வீட்டில் ஒருவர். வெறுங்கிண்ணத்தோடு கழிந்த அந்த ஓரிரவிலே பாங்கொக் நகரம் தன் விருந்தினருக்கு அளித்ததும் அந்த மரியாதைதான்.