கல்லறையில் எதற்குச் சுவர்?

1910-இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. வெள்ளைக்காரப் பெரியவர்கள் நிறைந்த அந்த அரங்கில் வெள்ளாளன்விளைக்காரர் ஒருவர் எழுந்தார். அவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, நெல்லைச் சீமையில் ஒரு போதகரின் மகன். பொருளும் உழைப்பும் தந்தீர்கள், எங்களைச் சமமாக எண்ணி நட்புப் பாராட்டினீர்களா என்று முகத்துக்கு நேரே கேட்டார். பலருக்குச் சுருக்கென்றது.

அதே ஆண்டு, அதே நெல்லைச் சீமையில் என்ன நடந்தது? வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்திருந்த தடுப்பு இடிக்கப்பட்டது. மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் மனம் திரும்பவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள்! கோயிலுக்குள் தனியிடம் தங்கள் உரிமை என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்காடித் தோற்றார்கள்.

அசரியா பேச்சோடு நிற்கவில்லை. சொந்த மண்ணை விட்டுத் தோர்ணக்கலுக்குப் போய்த் தெலுங்கு கற்றார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான பிறகும், மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய் மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட சாதி மக்களோடு தரையில் அமர்ந்தார். பேராயர் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

1919-இல் தரங்கம்பாடியில் சபை ஐக்கியத்துக்கு முன்னின்றவரும் அவரே. பேராயர் அதிகாரம் பற்றியும் குருப்பட்டம் பற்றியும் வாதங்கள் 28 ஆண்டுகள் இழுத்தன. 1945 ஜனவரி 1-இல் அவர் மறைந்தார். 1947 செப்டம்பர் 27-இல், சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில், ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் பிரஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனல் சபையாரும் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றானார்கள்.

கடல் கடந்து வந்த பிரிவுகள் கரைந்தன. இந்த மண்ணில் முளைத்த பிரிவு கரைந்ததா?

பெரிய வியாழனன்று பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுகிறார்கள். ஞாயிறன்று ஒரே அப்பத்தைப் பிட்டு உண்கிறார்கள். பேராயத் தேர்தல் வந்தால் சாதி வாரியாக ஓட்டு எண்ணுகிறார்கள். பெண் கொடுக்கும்போது ஞானஸ்நானம் போதவில்லை, குலம் விசாரிக்கிறார்கள். கொடுமையின் உச்சம் கல்லறைத் தோட்டம்: உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறவர்களே சில ஊர்களில் பிணங்களுக்கு நடுவே சுவர் வைத்திருக்கிறார்கள். மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் கட்டிய சேவையைச் சொல்லி இதை மூடி மறைக்க முடியாது.

சபையோரே, அடுத்த சபைக் கமிட்டிக் கூட்டத்தில் ஆலய வர்ணத்தையும் அசன விருந்தையும் பிறகு பேசுங்கள். உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருந்தால், அதை இடிக்கும் தேதியை முதலில் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.