கண் சிவந்தால் கடை மருந்து வேண்டாம்

(கோவில்பட்டி வட்டார விவசாயிகள் கூட்டத்தில் கண் மருத்துவ உதவியாளர் ஆற்றிய உரை)



உளுந்து, பாசி அடிக்கும்போது கண்ணில் தூசி விழும். மக்காச்சோளத் தோகை கீறும். உடனே தாய்ப்பால் விடுறோம், விளக்கெண்ணெய் விடுறோம். அதுக்கும் கேட்கலைன்னா, கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்குறோம்.

ஆபத்து இங்கேதான் இருக்கு. செடியும் மண்ணும் பட்ட கீறலில் பூஞ்சை தொற்றலாம். கடை மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறையும். 'சரியாயிட்டு'ன்னு வேலைக்குப் போயிடுவோம். உள்ளே பூஞ்சை வளர்ந்து கருவிழியில் புண்ணாகும். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு பார்வையை மறைக்கும்.

தூசி விழுந்தால் கசக்காதீங்க. சுத்தமான தண்ணீரில் கழுவுங்க. வலி, சிவப்பு, மங்கல் இருந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு வாங்க. ஏற்கெனவே போட்ட மருந்தையும் கையோடு கொண்டுவந்து காட்டுங்க. யாரும் திட்ட மாட்டோம். சந்தேகம் கேட்க 104-க்குப் பேசலாம்.

1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, நம்ம எட்டயபுரம் பக்கம் அயன் வடமலாபுரத்துக்காரர். ஊர் உலகத்துக்கே கண் வைத்தியம் பார்த்தவர் பிறந்த மண் இது. ஒருநாள் கூலி போகுமேன்னு நாம் கண்ணை விட்டுடலாமா?