துள்ளுமாரியும் கொலஸ்டிராலும்

தாராபுரம், மூலனூர், காங்கயம் பகுதிகளில் கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடுகளை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். மழை பெய்து கொழுக்கட்டைப் புல் தளிர்க்கும் நாள்களே ஆட்டுக்கு நற்காலம் என்று எண்ணுவோம். துள்ளுமாரி வருவதோ அந்நாள்களில்தான். மாலையில் வயிறார மேய்ந்து பட்டிக்குத் திரும்பிய செம்மறி, விடியுமுன் துள்ளி விழுந்து, கால்களை உதைத்து மாண்டுபோகும். மெலிந்தது பிழைத்துக்கொள்ளும், கொழுத்த குட்டியே முதலில் மடியும்.

கிளாஸ்டிரிடியம் பெர்பிரிஞ்சன்ஸ் என்னும் கிருமியின் ‘டி’ வகையே இதற்குக் காரணம். நலமான ஆட்டின் குடலிலும் அது சிறிதளவு உண்டு. திடீரென்று செழுந்தீனி வந்து சேர்ந்தால் பல்கிப் பெருகி, எப்சிலான் என்ற நஞ்சைச் சுரக்கிறது. சுரக்கும்போது அந்நஞ்சு உறங்கும் நிலையிலேயே இருக்கிறது. ஆட்டின் சொந்தச் செரிமான நீரான டிரிப்சினே அதை வெட்டி எழுப்பிவிடுகிறது! பின்னர் நச்சு மூலக்கூறுகள் ஏழு கூடி வளையமாகி, உயிரணுவின் படலத்தைத் துளைக்கின்றன. மூளையின் இரத்தக் குழாய்கள் கசிகின்றன; துள்ளலுக்குக் காரணம் அதுவே.

இதே கிருமி தீட்டா என்ற மற்றொரு நஞ்சையும் ஆக்கவல்லது. அது தேடுவது கொலஸ்டிராலை. இப்பொருளை நாம் இதயத்தின் பகையாகவே கேட்டுப் பழகிவிட்டோம்; உண்மையில் விலங்கின் உயிரணுப் படலத்துக்கு உறுதி தருவது அது. தீட்டாவின் அடிநுனி கொலஸ்டிராலைப் பற்றுகிறது. முப்பது முதல் ஐம்பது மூலக்கூறுகள் வட்டமாக அணிவகுத்து ஒருங்கே உள்ளிறங்குகின்றன. விளையும் துளை, ஒரு மில்லிமீட்டரை ஏறத்தாழ 40,000 கூறிட்டால் ஒரு கூறு. உயிரணுவுக்கு அது பெருவாயில்! சோதனைக் குழாயில் தீட்டாவுடன் கொலஸ்டிராலை முன்னரே கலந்துவிட்டால், பிறகு இடும் சிவப்பணுக்கள் உடைவதில்லை. எப்சிலான் கொலஸ்டிராலை நேரே பற்றுவதில்லை. எனினும், அது செறிந்த திட்டுகளிலேயே தங்குகிறது. அதை அகற்றிய உயிரணுக்களில் இந்நஞ்சின் வலிமையும் குன்றுகிறது.

எனக்கு வியப்பளிப்பது இது: கிருமியின் படலத்தில் கொலஸ்டிரால் இல்லை. ஆகவே தீட்டா, தன்னை ஆக்கியவனை விட்டு அயலானையே அடையாளம் காண்கிறது.

நோய் கண்டபின் மருந்துக்குப் பொழுதில்லை. 1932இல் தொடங்கிய இராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம், இந்நோய்க்குத் தடுப்பூசி ஆக்கி வருகிறது. மழைக்கு முன்னரே அதைப் போடவேண்டும். முதன்முறையாயின் 2 அல்லது 3 வாரம் கழித்து மறுமுறையும் தேவை. சினையாட்டுக்குப் போட்டால், சீம்பால் வழியே குட்டிக்கும் காப்புக் கிடைக்கும்.